கார்ப்பல் டனல் நோய்: அறுவை சிகிச்சைக்குப் பதிலாக மருந்தை எப்போது, எப்படி முயல்வது

மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகள் தரையாகவும் தடித்த இணைப்புநார் கூரையாகவும் அமைந்த குறுகிய பாதை ஒன்று இருக்கிறது; அதன் பெயர்தான் கார்ப்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்குள் நுழைகின்றன. அங்கே அழுத்தம் கூடும்போது முதலில் துன்பப்படுவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போவதும், நள்ளிரவில் கை விறுவிறுத்துத் தூக்கத்தைக் கலைப்பதும், உதறினால் சற்றுத் தணிவதும் இந்த நோயின் அடையாளங்கள். 'ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகுமா?' என்பதே நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி. லேசான, அண்மையில் தொடங்கிய நோயில் பலருக்குச் சரியாகிறது. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு காலம், எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு தொடங்க வேண்டும். வலி கொஞ்சம் குறைந்துவிட்டது என்று மாதக்கணக்கில் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே நரம்பு மீள முடியாத அளவுக்குச் சிதைந்துபோகக்கூடும்.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் கையைப் பாருங்கள்

இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் அருகருகே விரித்து வையுங்கள். கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு இரு கைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் திரண்டிருக்க வேண்டும். நோயுள்ள கையில் அந்த மேட்டின் வெளியோரம் தட்டையாகவோ குழிந்தோ தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் கூரையை நோக்கி உயர்த்துங்கள். வீட்டில் உள்ள ஒருவரை ஒரு விரலால் அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இலேசான அழுத்தத்துக்கே கட்டைவிரல் படுத்துவிட்டால், தசைக்குச் செல்லும் நரம்பிழைகள் சேதமடையத் தொடங்கிவிட்டன என்று கருத வேண்டும். சதை வற்றிய கைக்கும் வலுவிழந்த கைக்கும் இங்கே சொல்லப்படும் எந்த மருந்தும் அறுவை சிகிச்சைக்கு மாற்று ஆகாது; அத்தகையோர் தாமதமின்றிக் கை அறுவை நிபுணரையோ எலும்பு மூட்டு நிபுணரையோ பார்ப்பதே சரி.

அடுத்து, இது கார்ப்பல் டனல்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். சுண்டுவிரல் முதன்மையாக மரத்துப்போனால் அது வேறொரு நரம்பின் சிக்கலாக இருக்கலாம், ஏனெனில் மீடியன் நரம்பு சுண்டுவிரலுக்கு உணர்வு அளிப்பதில்லை. கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்கினால் கழுத்து முதுகெலும்பைப் பார்க்க வேண்டும். இரு பாதங்களும் எரிந்துகொண்டிருக்கும் சர்க்கரை நோயாளிக்குக் கை மரத்துப்போவது, சர்க்கரையால் வந்த நரம்புச் சிதைவாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கு, நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை உதவும். நோய் லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்ற தரத்தையும் அது தரும். கை குளிர்ந்திருந்தால் கடத்தல் வேகம் உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகும் என்பதால், குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தவர்கள் கையைச் சூடாக்கிக்கொண்டு பரிசோதனைக்கு உட்காருவது நல்லது. மிக லேசான நோயில் இந்தப் பரிசோதனை இயல்பாகவே வரலாம்; அதனால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்து பலிக்குமா என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். 1990-இல் கப்லான், கிளிக்கல், ஈட்டன் என்ற மூன்று மருத்துவர்கள், மணிக்கட்டுப் பட்டையும் அழற்சியைக் குறைக்கும் மருந்தும் கொடுத்துக் கவனிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, சிகிச்சை தோற்பதற்கு ஐந்து காரணிகளைப் பட்டியலிட்டார்கள். வயது 50-ஐத் தாண்டியிருப்பது, தொல்லை 10 மாதங்களுக்கு மேல் நீடிப்பது, மதமதப்பு வந்துபோகாமல் எந்நேரமும் இருப்பது, விரல் மடங்கி மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபடும் டிரிகர் ஃபிங்கர் கூடவே இருப்பது, மணிக்கட்டை மடக்கும் சோதனையில் 30 வினாடிக்குள் விறுவிறுப்பு தோன்றுவது ஆகியவை அவை. இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர்களில் மூன்றில் இரு பங்கினர் மருந்திலேயே குணமடைந்தார்கள். ஒன்று இருந்தவர்களில் 100-க்கு 40 பேர், இரண்டு இருந்தவர்களில் 17 பேர், மூன்று இருந்தவர்களில் 7 பேர் என்று அந்த எண்ணிக்கை சரிந்தது. நான்கோ ஐந்தோ இருந்தவர்களில் ஒருவரும் குணமடையவில்லை. இவ்வளவு எளிதாக வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு வேறு இல்லை என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மேலே சொன்ன சோதனையை இப்படிச் செய்யலாம். முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, முன்கைகளை நிமிர்த்தி, இரு கைகளையும் மணிக்கட்டிலிருந்து தளரத் தொங்கவிடுங்கள். அழுத்தி மடக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து 60 வினாடிகள் அப்படியே இருந்து, விறுவிறுப்பு எந்த வினாடியில், எந்த விரலில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு மருத்துவருக்கும் பயன்படும்.

காரணத்துக்கு மருந்து இருந்தால் அதுவே முதல் மருந்து

தைராய்டு சுரப்பு குறைந்திருப்பவருக்கு மணிக்கட்டுப் பாதையில் உள்ள திசுக்கள் வீங்கும். அவருக்குத் தேவையானது லெவோதைராக்சின் மாத்திரை. ஹார்மோன் அளவு சீரானபின் பலருக்கு விரல்களும் தெளிகின்றன. ஆகவே தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி ஆகிய இரு ரத்தப் பரிசோதனைகளை முதலிலேயே செய்துகொள்வது வீண் செலவல்ல. காலையில் விரல் மூட்டுகள் வீங்கி இறுகியிருந்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நோய்க்குரிய மருந்து தொடங்கினாலே நரம்பின் நெருக்கடி குறையக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்காக லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகள் எடுப்போருக்கும் இந்த நோய் வருவதுண்டு. அவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளின் நிலை வேறு. கடைசி மூன்று மாதங்களில் உடலில் நீர் தேங்குவதால் வரும் மதமதப்பு, பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாகத் தணிகிறது. அதுவரை இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டையே போதுமானது. இபுபுரூஃபன், டைகுளோஃபினாக் வகை வலிமாத்திரைகளைக் கடைசி மூன்று மாதங்களில் எடுக்கக் கூடாது, அவை கருவில் உள்ள குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயைப் பாதிக்கலாம்.

பட்டை மருந்தல்ல, ஆனால் அதில்லாமல் மருந்து முழுப் பயன் தராது

தூக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடங்கிய மணிக்கட்டில் அந்தப் பாதையின் அழுத்தம் பல மடங்கு உயர்கிறது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளிண்ட் பட்டை அதைத் தடுக்கிறது. மருந்துக்கடையில் வாங்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளங்கைப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தகடு செருகப்பட்டிருக்கும். அது 20 முதல் 30 பாகை வரை பின்னோக்கி வளைக்கப்பட்டே வருகிறது. எலும்பு முறிவுக்கு அந்த வளைவு பொருந்தும், இந்த நோய்க்குப் பொருந்தாது. தகட்டை உறையிலிருந்து உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, ஏறத்தாழ நேராக்கி, மீண்டும் செருகி அணியுங்கள். அணிந்த பிறகு கையின் முதுகும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் தடையின்றி மடங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பட்டையே அழுத்தத்தைக் கூட்டிவிடும். குறைந்தது ஆறு வாரம் ஒவ்வோர் இரவும் அணியாமல், பயனில்லை என்று சொல்ல முடியாது.

மாத்திரைகளிடம் எதை எதிர்பார்க்கலாம்

இந்த நோய்க்கு நம் ஊர்களில் எழுதித் தரப்படும் சீட்டில் பெரும்பாலும் மூன்று இருக்கும்: ஒரு வலிமாத்திரை, ஒரு 'நரம்புச் சத்து' மாத்திரை, சில நேரங்களில் நரம்பு வலிக்கான பிரிகபாலினோ கேபாபென்டினோ. இவை மூன்றுமே இந்த நோயின் போக்கை மாற்றுவதாக நிறுவப்படவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தைவானில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்து நான்கு வாரம் மருந்து கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு டெனாக்ஸிகாம் என்ற வலிமாத்திரை, மற்றொன்றுக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, இன்னொன்றுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நான்காவதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. வலிமாத்திரையும் நீர் மாத்திரையும் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. ஸ்டீராய்டு பெற்றவர்கள் மட்டுமே தெளிவாகத் தேறினார்கள். வலிமாத்திரை ஒருநாள் இரு நாள் வலியை அடக்கப் பயன்படலாம். ஆனால் இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயனற்ற ஒன்றுக்காக அந்த ஆபத்தை மாதக்கணக்கில் சுமக்க வேண்டியதில்லை.

வைட்டமின் பி6, அதாவது பைரிடாக்சின், இந்த நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை நெடுநாளாக நிலவுகிறது. முறையான ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, பி6-ஐ அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுத்துக் கைகால்களை மரத்துப்போகச் செய்யும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் எல்லையாக அமெரிக்காவில் 100 மி.கி.-ஐயும் ஐரோப்பாவில் 12 மி.கி.-ஐயும் வகுத்திருக்கிறார்கள். உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பைரிடாக்சின் எத்தனை மி.கி. என்று படித்துப் பாருங்கள்; இரண்டு வெவ்வேறு மாத்திரைகளில் அது ஒளிந்திருந்தால் கூட்டிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் எனும் பி12 இடுப்பு ஊசியைப் பொறுத்தவரை, பி12 குறைபாடு இருந்தால் அதைத் தீர்ப்பது அவசியம். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் முற்றிலும் சைவ உணவினருக்கும் அந்தக் குறைபாடு வரலாம். ஆனால் மணிக்கட்டில் நெருக்கப்படும் நரம்பை இடுப்பில் போடும் ஊசி விடுவிக்காது. கேபாபென்டினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்விலும் இந்த நோயில் சிறப்பான பயன் தெரியவில்லை.

எனவே மாத்திரைகளில் கருதத்தக்கது பிரெட்னிசோலோன் ஒன்றே. தைவான் ஆய்வில் அது இரண்டு வாரம் நாளொன்றுக்கு 20 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 10 மி.கி. என்று கொடுக்கப்பட்டது. பலன் பல வாரங்கள் நிற்கலாம், பிறகு தேய்ந்துவிடும். ஊசியைக் கண்டு அஞ்சுபவர்களுக்கும், ஊசி போடத் தெரிந்த மருத்துவர் அருகில் இல்லாதவர்களுக்கும் குறுகிய காலத்துக்கு இது ஒரு வழி. சர்க்கரை நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், இரைப்பைப் புண், கண் அழுத்த நோய், காசநோய் இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டை மறுபடியும் மறுபடியும் வாங்கி விழுங்கும் பழக்கம் எலும்பையும் சர்க்கரையையும் ஒருசேரக் கெடுக்கும். கை விரலுக்காக முழு உடம்பையும் பணயம் வைப்பது அது.

மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி

அறுவை சிகிச்சைக்கு மாற்றாக மருந்து என்று பேசும் தகுதி உண்மையில் இந்த ஊசிக்குத்தான் உண்டு. மெத்தில்பிரெட்னிசோலோன் அல்லது டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை, பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்தோடு கலந்து, நரம்பு செல்லும் பாதையிலேயே செலுத்துகிறார்கள். மாத்திரையைவிடக் குறைந்த மருந்தில், தேவைப்படும் இடத்திலேயே வேலை நடக்கிறது. ஹாங்காங்கில் மாத்திரையையும் ஊசியையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வில், 8-ஆவது, 12-ஆவது வாரங்களில் ஊசியே மேலாக இருந்தது. நெதர்லாந்தில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 40 மி.கி. மெத்தில்பிரெட்னிசோலோன் பெற்றவர்களில் 77 விழுக்காட்டினர் ஒரு மாதத்தில் தேறியிருந்தார்கள். ஸ்டீராய்டு கலக்காத ஊசி பெற்றவர்களில் 20 விழுக்காட்டினரே தேறினார்கள்.

அந்தத் தேற்றம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. இங்கிலாந்தில் 234 நோயாளிகளிடம் 20 மி.கி. ஊசியையும் இரவுப் பட்டையையும் ஒப்பிட்டபோது, ஆறாவது வாரத்தில் ஊசி முந்தியது. ஆறாவது மாதத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன. பட்டை அணிந்தும் குணமாகாத 111 பேரிடம் சுவீடனில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. பத்தாவது வாரத்தில் ஊசி பெற்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் ஓராண்டுக்குள் 80 மி.கி. பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், 40 மி.கி. பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும், மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 92 விழுக்காட்டினரும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. பட்டை ஏற்கெனவே தோற்றவர்களிடம்கூட, 80 மி.கி. ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்த ஓராண்டில் கத்தி தேவைப்படவில்லை. மற்ற மூவருக்குச் சில மாத அவகாசம் தந்திருக்கிறது. பிரசவம் நெருங்கியவருக்கும், பாலூட்டும் தாய்க்கும், தேர்வையோ அறுவடையையோ முடித்துவிட்டு வர வேண்டியவருக்கும் அந்த அவகாசம் சிறிய உதவியல்ல.

ஊசிக்குப் போகும் முன் மருத்துவரிடம் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்: சர்க்கரை அளவு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்பது, மணிக்கட்டுத் தோலில் புண் உண்டா என்பது, கர்ப்பம் அல்லது அதற்கான வாய்ப்பு. மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவியால் நரம்பைப் பார்த்துக்கொண்டே போடும் வசதி இருந்தால் அதைக் கேட்டுப் பெறலாம். அது இல்லாவிட்டால் மருத்துவர் தோலின் மேல் தெரியும் அடையாளங்களை நம்பிப் போடுவார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொட்டு, மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோல் எழும்பும். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அது குறையல்ல. மணிக்கட்டு மடிப்புக்கு அருகே, அந்த நாணின் சுண்டுவிரல் பக்கத்தில் ஊசி சாய்வாக இறங்கும். அந்நேரத்தில் விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்றால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். ஊசிமுனை நரம்பைத் தொட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்; மருத்துவர் ஊசியை வெளியே இழுத்து வேறு இடத்தில் செலுத்துவார். நரம்புக்குள் மருந்தைச் செலுத்துவதுதான் இந்தச் சிகிச்சையில் அஞ்ச வேண்டிய தவறு, அது நோயாளி வாய் திறந்தால் தவிர்க்கக்கூடியதும்கூட.

ஊசிக்குப் பின் விரல்கள் சில மணி நேரம் மரத்திருக்கும். அன்று இருசக்கர வண்டி ஓட்டவோ அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கவோ வேண்டாம். முதல் ஓரிரு நாளில் வலி கூடுவது சிலருக்கு இயல்பு, பாராசிட்டமாலும் துணியில் சுற்றிய பனிக்கட்டியும் போதும். இரண்டு நாள் கழிந்தும் வலி ஏறிக்கொண்டே போனால், சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் திரும்பிப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, ரத்தச் சர்க்கரை ஏறும். ஆகையால் வீட்டில் குளுக்கோமீட்டரால் தினமும் பார்த்து, இன்சுலின் போடுபவர்கள் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் கொழுப்பு வற்றிக் குழிவிழுவதும் உண்டு. நம் மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரிந்து மனத்தை வருத்தும். பெரும்பாலும் மாதங்கள் கடந்து மங்கிவிடும். வெண்குஷ்டம் என்று அஞ்சிவிடாமலிருக்க இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) நீரை மீயொலியின் துணையோடு நரம்பைச் சுற்றிச் செலுத்தி, ஒட்டிய திசுக்களிலிருந்து அதைப் பிரிக்கும் முறையும் இப்போது வளர்ந்துவருகிறது. தைவானில் நடந்த சிறு ஆய்வுகளில் பயன் தெரிகிறது. ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாத சர்க்கரை நோயாளிக்கு இதை ஒரு வாய்ப்பாகக் கருதலாம். ஆனால் ஸ்டீராய்டு ஊசி அளவுக்கு இது இன்னும் சோதிக்கப்படவில்லை.

எப்போது நிறுத்துவது

ஊசி போட்ட நாளிலிருந்து, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும், காலையில் எந்த விரல்கள் மரத்திருந்தன என்பதையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் தெளிவான மாற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது ஊசி அதிசயம் எதையும் செய்யாது. மாறாக அந்த ஊசி ஆறு மாதமோ ஓராண்டோ நன்றாக வைத்திருந்து, பிறகு தொல்லை திரும்பினால், தசை வலுவாக இருக்கும்வரை இன்னொன்றைப் போட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தொடர்ந்து போட்டுக்கொண்டே போவது தசைநாண்களுக்கும் நல்லதல்ல, நரம்புக்கும் நல்லதல்ல.

அறுவை சிகிச்சையைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, கூரையாக உள்ள இணைப்புநாரைப் பிளந்து பாதையை அகலமாக்கும் சிறு அறுவை அது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். நெதர்லாந்தின் மருத்துவமனைகளில் 934 பேரை ஈடுபடுத்தி, முதலில் அறுவை, முதலில் ஊசி என்ற இரு வழிகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2025-இல் வெளியானது. 18 மாத முடிவில் அறுவையில் தொடங்கியவர்களில் 61 விழுக்காட்டினரும், ஊசியில் தொடங்கியவர்களில் 45 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தார்கள். ஊசியில் தொடங்கியவர்களிலும் தேவைப்பட்டோர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள். நெடுங்காலக் குணத்தையே முதன்மையாக எண்ணுபவருக்கு அறுவை மேல் என்பதையும், அதைத் தள்ளிப்போட விரும்பும் லேசான நோயாளிக்கு ஊசி மதிக்கத்தக்க தொடக்கம் என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

மதமதப்பு இரவோடு நில்லாமல் பகலிலும் தங்கத் தொடங்கினால், சட்டைப் பொத்தான் போடவும் தரையில் விழுந்த நாணயத்தைப் பொறுக்கவும் விரல் தடுமாறினால், நரம்புக் கடத்தல் பரிசோதனையில் நோய் முன்பைவிடக் கடுமையாகத் தெரிந்தால், மருந்தின் காலம் முடிந்தது. சில நேரங்களில் வலி குறைந்துகொண்டே போக, உணர்வும் சேர்ந்து மங்கும். அதைக் குணம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. அறுவைக்குத் தேதி குறிக்கும்போது, கடைசியாக ஊசி போட்ட நாளையும் மருந்தின் பெயரையும் அளவையும் அறுவை நிபுணரிடம் எழுத்தில் கொடுங்கள். அறுவைக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் காட்டுவதால், தேதியைச் சற்றுத் தள்ளிவைக்கலாமா, நரம்பின் நிலை அதற்கு இடம் கொடுக்குமா என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்வார்.